மீண்டும் புனைதல் என்னும் பயிற்சி: புதுமைப்பித்தனின் ‘அகல்யை’, ‘சாபவிமோசனம்’ கதைகளை முன்வைத்துப் புனைதிறன் வளர்ச்சி குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

புனைகதை எழுதுவோர் தம் புனைதிறனை எவ்வாறு வளர்த்துக்கொள்கின்றனர் என்னும் வினாவுக்குத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் உத்திகளின் பட்டியலையே விடையாகத் தந்து வந்துள்ளது. ஓர் எழுத்தாளர் ஒரே கதைப்பொருளை இருமுறை கையாண்ட இடங்களை ஒப்பிட்டால் அவ்வினாவுக்குத் திட்டவட்டமான விடை கிடைக்கக்கூடும். புதுமைப்பித்தன் அகலிகையின் கதையை 1934இல் ‘அகல்யை’ என்றும், 1943இல் ‘சாபவிமோசனம்’ என்றும் எழுதினார். இரு கதைகளும் கற்பு பற்றி ஏறத்தாழ ஒரே கருத்தையே கொண்டுள்ளன. ஆயினும் முதற்கதையில் முடிவாக நின்ற கருத்து, இரண்டாவது கதையில் சோதனைக்கு உள்ளாகும் பொருளாக இடம் மாறுகிறது. இந்த இடமாற்றமே புனைதிறன் வளர்ச்சியின் மையம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புதுமைப்பித்தன், அகலிகை, சிறுகதை, புனைதிறன், மீள்புனைவு, படைப்பிலக்கியப் பயிற்சி.

முன்னுரை

கதை எழுதும் கலையைக் கற்பிக்க இயலுமா என்னும் ஐயம் பழமையானது. அதற்கிடையிலும் கல்லூரித் தமிழ்த்துறைகளில் படைப்பிலக்கியம் ஒரு தாளாக இடம்பெற்றுவிட்டது. கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, உரையாடல், வருணனை, நோக்குநிலை என்னும் கூறுகள் மாணவர்க்கு ஒவ்வொன்றாக விளக்கப்படுகின்றன. சிறுகதைகளைப் பற்றிய ஆய்வேடுகளும் இதே வரிசையைப் பின்பற்றி, ஓர் ஆசிரியரின் கதைகளில் எந்தெந்த உத்திகள் எத்தனை இடங்களில் அமைந்துள்ளன என்று தொகுத்துக் காட்டுகின்றன. பட்டியலால் பயனில்லை என்று கூறுவதற்கில்லை. எனினும், ஒரு கூறு கதையில் இருக்கிறது என்பதை அறிவதும், அது ஏன் அவ்விடத்தில் அவ்வாறு இருக்கிறது என்பதை அறிவதும் வேறு வேறு. முன்னது அடையாளம் காணல். பின்னதே புனைதிறனைப் பற்றிய அறிவு.

இப்பின்னதை அறிவதற்கு ஒரு தடை உண்டு. முடிந்த கதை, தான் வேறு எவ்வாறெல்லாம் எழுதப்பட்டிருக்கலாம் என்பதைக் காட்டாது. ஆசிரியர் கைவிட்ட தொடக்கங்களும் நீக்கிய வாக்கியங்களும் பெரும்பாலும் வாசகர் கைக்கு வருவதில்லை. எனவே ஒரே பொருளை ஒரே எழுத்தாளர் இரண்டு கதைகளாக எழுதி, இரண்டையும் அச்சில் விட்டுச்சென்றிருந்தால், அது புனைதிறன் ஆய்வுக்குக் கிடைத்தற்கரிய சான்றாகிறது. ஒன்று மற்றொன்றுக்கு உரைகல்லாக அமையும். தமிழ்ச் சிறுகதையில் இத்தகைய சான்றுகளுள் தலையாயது புதுமைப்பித்தனின் அகலிகை கதைகள் எனலாம்.

‘சாபவிமோசனம்’ பற்றித் தமிழில் விரிவாகவே பேசப்பட்டுள்ளது. தொன்ம மீட்டுருவாக்கம், பெண்ணிய வாசிப்பு, இராமாயண எதிர்வாசிப்பு ஆகிய கோணங்களில் அது பலமுறை ஆராயப்பட்டுள்ளது. அவ்வாசிப்புகள் கதையின் கருத்துநிலையை விளக்குகின்றன. கருத்துநிலை கதையாக எவ்வாறு மாறியது, அம்மாற்றத்திற்கு எழுத்தாளர் எத்தகைய முடிவுகளை எடுக்க நேர்ந்தது என்பன இங்கே கருதப்படுகின்றன.

அகலிகைக் கதைமரபு

புதுமைப்பித்தனுக்கு முன் இக்கதைக்கு நெடிய மரபு உண்டு. வான்மீகியின் பாலகாண்டத்தில் அகலிகை வந்தவன் இந்திரன் என்பதை அறிந்தே இசைகிறாள். அவளுக்குக் கிடைக்கும் சாபம் கல்லாதலன்று. எவர் கண்ணுக்கும் புலனாகாமல், காற்றை உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடக்க வேண்டும் என்பதே அது. தமிழ் மரபில் கல்லுருவம் தொன்மையானது. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவியங்களைப் பற்றிக் கூறுமிடத்தில், பூனை வடிவு கொண்ட இந்திரனும் அகலிகையும் கவுதமனும் அவன் சினத்தால் விளைந்த கல்லுருவும் தீட்டப்பட்டிருந்ததைக் குறிக்கிறது. கம்பனும் அகலிகையைக் கல்லாகவே காட்டுகிறான்.

கம்பனிடத்தில் ஒரு முரண் உண்டு. அகலிகை இடையில் உண்மையை உணர்ந்தும் விலகவில்லை என்று ஓரிடத்தில் கவி கூறுகிறான். பின்னர் அவளை ஏற்றுக்கொள்ளுமாறு கூறும் விசுவாமித்திரனோ அவள் நெஞ்சால் பிழை செய்யாதவள் என்கிறான். நிகழ்ச்சியும் தீர்ப்பும் முழுமையாகப் பொருந்தாத இந்த இடைவெளியில்தான் பிற்காலப் புனைகதைக்கு இடம் கிடைக்கிறது. ‘மனம் பிழைக்கவில்லையெனில் குற்றமில்லை’ என்னும் கருத்து புதுமைப்பித்தனின் கண்டுபிடிப்பன்று என்பதும் இதனால் தெளிவாகிறது. அது மரபிலேயே உள்ளது. அவருடைய சாதனையை அக்கருத்தில் தேடுவது பொருந்தாது. அதை அவர் எங்கு வைத்தார் என்பதில்தான் தேட வேண்டும்.

கருத்து நிற்கும் இடம்

1934இல் மணிக்கொடியில் வெளிவந்த ‘அகல்யை’ சிறிய கதை. வேதகாலத்துச் சிந்து நதிக்கரை அதன் களம். கணவன் மனைவியரின் அன்பு வாழ்வு, இந்திரனின் வேட்கை, அவன் செய்யும் வஞ்சகம், கௌதமர் திரும்பி வந்து உண்மையை அறிதல் எனக் கதை நேர்க்கோட்டில் செல்கிறது. மரபிலிருந்து அது விலகும் இடம் இறுதிப்பகுதி. கௌதமர் சபிப்பதில்லை. இந்திரனிடமும் அவர் சினத்தைக் காட்டிலும் வருத்தத்தையே வெளிப்படுத்துகிறார். கற்பு மனத்தூய்மையைப் பொறுத்தது, சந்தர்ப்பத்தால் உடல் களங்கமுற்றால் அபலை என்ன செய்ய இயலும் என்ற பொருள்பட அவருடைய சிந்தனை அமைகிறது. கதையின் நெறியும் அச்சிந்தனையும் ஒன்றாகின்றன. அத்துடன் கதையும் முடிகிறது.

1934ஆம் ஆண்டுச் சூழலில் இம்முடிவு துணிச்சலானது. ஆயினும் புனைகதை என்ற நிலையில் அதற்கு ஒரு குறை உண்டு. கௌதமரின் வாயிலாகத் தீர்ப்பு வெளிப்பட்டவுடன் வாசகர் செய்வதற்கு எதுவும் எஞ்சவில்லை. தீர்ப்பு சரியானது, அது வழங்கப்பட்டுவிட்டது. அகல்யை அத்தீர்ப்பைப் பெற்றுக்கொள்பவளாக மட்டுமே நிற்கிறாள். மன்னிக்கப்பட்ட பின் அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்பது கதையின் எல்லைக்கு வெளியே உள்ளது.

‘சாபவிமோசனம்’ 1943இல் கலைமகளில் வெளியானது. இக்கதையிலும் கோதமன் தருமத்தை ஆராய்கிறான். தருமத்தின் வேலிகள் மனமறிந்து செய்பவர்க்கே உரியன, தன்னுணர்வின்றி நேர்ந்த வழு பாவமாகாது என்னும் முடிவுக்கு அவன் வருகிறான். கருத்தளவில் இது முதற்கதையின் கௌதமர் கண்டடைந்ததிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. வேறுபாடு அது கதையில் வரும் இடத்தில் உள்ளது. அகலிகை கல்லுருவம் நீங்கிச் சற்றுக் காலமே ஆன நிலையில், கதையின் முற்பகுதியிலேயே அக்கருத்து கூறப்பட்டுவிடுகிறது. அதன்பின் கதை நெடுந்தொலைவு செல்கிறது. அந்நெடுந்தொலைவு முழுவதிலும் அக்கருத்தால் அகலிகைக்கு எந்த உதவியும் கிடைப்பதில்லை.

கணவன் தன்னைக் குற்றமற்றவள் என்று எண்ணுகிறான் என்பதை அகலிகை அறிவாள். அவ்வாறிருந்தும் அவளால் இயல்பாகப் பேச முடிவதில்லை. தான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கிறாள். பிறர் சொல்லும் சாதாரணச் சொற்களுக்குள்ளும் வேறு பொருள் இருக்குமோ என்று அஞ்சுகிறாள். எதிர்ப்படும் ஆடவர் தோற்றமெல்லாம் இந்திர வேடமாகவே படுகிறது. ஒருவரைக் குற்றமற்றவர் என்று அறிவிப்பது வேறு, அவருக்கு அவருடைய பழைய உலகத்தைத் திருப்பித் தருவது வேறு என்பதை இக்கதை ஒரு வாக்கியமாகவும் சொல்வதில்லை. அகலிகையின் அன்றாடமே அதைச் சொல்கிறது.

‘முதற்கதையில் கருத்து உண்டு, இரண்டாவதில் கலை உண்டு’ என்று எளிதாகப் பிரித்துவிட இங்கு இடமில்லை. இரண்டிலும் கருத்து உண்டு. முதற்கதை கருத்தை அடைவதற்காக நிகழ்ச்சிகளை அமைக்கிறது. இரண்டாவது கதை அதே கருத்தைப் புறப்படும் இடமாகக் கொண்டு, ‘இது உண்மையாயின் பின் நேர்வது என்ன?’ என்று கேட்கிறது. எழுத்தாளர் தமது நம்பிக்கையைக் கைவிட்டாரல்லர். அதைத் தேர்வுக்கு உட்படுத்தினார்.

கதையின் தொடக்கம்

கருத்தின் இடம் மாறியதற்கு அடிப்படையாக அமைந்தது கதை தொடங்கும் காலத்தின் மாற்றம். ‘அகல்யை’ நிகழ்ச்சிக்கு முன்னர்த் தொடங்குகிறது. இன்ப வாழ்வு, குலைவு, தீர்வு என்ற மூன்று படிகள் அதில் உள்ளன. வாசகர் ஏற்கெனவே அறிந்த நிகழ்ச்சியை ஆசிரியர் மீண்டும் நிகழ்த்திக் காட்ட வேண்டியிருப்பதால், கதையின் பெரும்பகுதி அதற்கே செலவாகிறது. புதியதாகச் சொல்ல வேண்டிய பகுதிக்கு இறுதியில் சிறிதளவு இடமே கிடைக்கிறது.

‘சாபவிமோசனம்’ சாலையோரத்துக் கற்சிலையிலிருந்து தொடங்குகிறது. இந்திரன் வந்து சென்றது, கோதமன் சபித்தது எல்லாம் கடந்தவை. சிலைக்குச் சற்றுத் தொலைவில் புற்றுக்குள் கோதமன் தவத்தில் மூழ்கியிருக்கிறான். கல்லாகிய மனைவி, மண்ணால் மூடப்பட்ட கணவன் என்னும் இரு வடிவங்களே கதையின் தொடக்கச் சூழல். இராமனின் கால் துகள் படுகிறது, அவள் எழுகிறாள், அவனும் புற்றிலிருந்து வெளிப்படுகிறான். மரபில் கதை முடியும் இடம் இதுதான். புதுமைப்பித்தனுக்கோ இது தொடக்கம். ‘சாபவிமோசனம்’ என்னும் தலைப்பு முதற்சில பக்கங்களிலேயே நிறைவேறிவிடுவதால், அதன்பின் அத்தலைப்பே ஐயத்துக்குரியதாகிறது. விமோசனம் கிடைத்ததா என்னும் கேள்வியுடனேயே வாசகர் தொடர்ந்து படிக்க நேர்கிறது.

நிகழ்ச்சி முடிந்த பின்னர்க் கதையைத் தொடங்கும் இம்முறை அவ்வாண்டில் அவருக்குத் தற்செயலாக வாய்த்ததன்று. அதே 1943இல் வெளியான ‘செல்லம்மாள்’ கதையும் செல்லம்மாளின் உயிர் பிரிந்த தருணத்தில் தொடங்குகிறது. முடிவை முதலில் வைத்துவிடுவதால், ‘என்ன ஆகும்?’ என்னும் ஆவல் நீங்கி, பிரமநாயகம் பிள்ளைக்கும் அவளுக்கும் இடையே இருந்தது எத்தகைய வாழ்வு என்பதில் கவனம் குவிகிறது. ஒன்று புராணப் பொருள், மற்றொன்று சென்னைவாசியான ஏழைக் குடும்பத்தின் கதை. எனினும் இரண்டும் திருமண உறவில் சொல்லப்படாமல் நிற்பவற்றைப் பற்றியவை. இரண்டும் நிகழ்ச்சியின் மறுபக்கத்தில் தொடங்குபவை. எந்தப் பொருளுக்கும் பொருந்தக்கூடிய ஓர் அமைப்பறிவை ஆசிரியர் அதற்குள் எட்டியிருந்தார் என்பதற்கு இவ்வொற்றுமை சான்றாகிறது.

உருவகம் நிகழ்ச்சியாதல்

‘அகல்யை’யில் கல் என்பது ஒரு சொல்லாக மட்டுமே வருகிறது. அந்த நேரத்தில் உடலும் உணர்வற்ற கல்லாகிவிட்டதா என்ற பொருளில் கௌதமர் கேட்கும்போது, புராணச் சாபம் பகுத்தறிவுக்கு இசைந்த உருவகமாக மாற்றப்படுகிறது. வியப்பு நிகழ்வுகளை நீக்கி, புராணத்தை மனித அளவுக்குக் கொண்டுவருதல் அக்கால மறுவாசிப்பாளர் பலரும் மேற்கொண்ட வழி. அதில் நேர்மை உண்டு. ஆனால் உருவகம் ஒரு வாக்கியத்துடன் முடிந்துவிடுகிறது. அதனால் கதை எங்கும் நகர்வதில்லை.

இரண்டாவது கதையில் ஆசிரியர் எதிர்த்திசையில் செல்கிறார். கல்லைக் கல்லாகவே ஏற்கிறார். சிலை சிலைதான், புற்று புற்றுதான், கால் துகள் பட்டு உயிர் வருவதும் உண்மையாகவே நிகழ்கிறது. புராணத்தின் வியப்பை நீக்காமல் ஏற்றுக்கொண்ட பின், அதன் விளைவுகளை உளவியல் உண்மையுடன் தொடர்கிறார். இறுதியில், தன்னை நெருங்கிவரும் கணவனே இந்திர வேடமாகத் தோன்ற, அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். முதன்முறை கல்லாக்கியது கணவனின் சாபம். இரண்டாம் முறை அவளைக் கல்லாக்க எவரும் இல்லை. எவரும் சபிக்காமலே நேர்வதால், இரண்டாவது கல்லாதல் முதலாவதைக் காட்டிலும் கடுமையான குற்றச்சாட்டாகிறது. கற்சிலையில் தொடங்கிக் கற்சிலையில் முடியும் இவ்வமைப்பு அழகுக்காகச் செய்த வளையமன்று. தொடக்கத்தில் தண்டனையாக இருந்த கல், முடிவில் அவளுக்குப் புகலிடமாகிறது. பொருள் மாறுவதற்கு இடைப்பட்ட முழுக்கதையும் தேவைப்படுகிறது.

பெயர் வடிவங்களிலும் ஒரு மாற்றம் நோக்கத்தக்கது. முதற்கதையின் ‘அகல்யை’, ‘கௌதமர்’ ஆகிய வடிவங்கள் இரண்டாவது கதையில் ‘அகலிகை’, ‘கோதமன்’ என வருகின்றன. வேதகாலச் சூழலைப் புலப்படுத்தும் வடமொழி வடிவிலிருந்து தமிழ்க் காப்பிய வழக்குக்கு நெருங்கிய வடிவுக்கு ஆசிரியர் வருகிறார். கதைநாயகனுக்குரிய ‘அர்’ விகுதி ‘அன்’ ஆகும்போது, முனிவருக்குக் கதைசொல்லி அளித்த தனிமதிப்பும் குறைகிறது. கணவனும் மனைவியும் ஒரே தளத்தில் நிற்கின்றனர்.

சீதை: தீர்ப்பைச் சோதிக்கும் இணைநிகழ்வு

ஒரு தீர்ப்பு நேர்மையானதா என்பதை அறிய, அத்தீர்ப்பை வழங்கியவர் அதே நிலையில் வேறொருவருக்கு என்ன தீர்ப்பு வழங்குகிறார் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது கதையின் நுட்பமான அமைப்பு இதுவே. அகலிகையைக் குற்றமற்றவளாகக் கண்டவன் இராமன். அவளுக்கு அவன் மேலுள்ள பற்றும் மதிப்பும் அதிலிருந்தே தோன்றுகின்றன. சரயு நதிக்கரை வாழ்வில் சீதையும் அவளுக்கு நெருக்கமாகிறாள். பட்டாபிடேகம் தடைப்படுதல், வனவாசம், 14 ஆண்டுக் காத்திருப்பு ஆகிய இராமாயண நிகழ்ச்சிகள் கதையின் பின்னணியில் தொலைவிலிருந்தே ஒலிக்கின்றன. வாசகர் அயோத்தியின் துயரத்தைக் குடிசைக்குள் இருந்து காண்கிறார்.

இராமனும் சீதையும் திரும்பி வந்து அகலிகையைக் காணும் இடத்தில், தான் தீக்குளித்ததைச் சீதை சொல்கிறாள். அகலிகை அதிர்கிறாள். உலகத்துக்கு மெய்ப்பிக்க வேண்டாமா என்று சீதை கேட்கும் இடத்தில், இருவருக்கும் இடையே நடப்பது விவாதமன்று. ஒருத்தி ஏற்றுக்கொண்டதை மற்றொருத்தியால் ஏற்க முடியாமற் போவதே அங்கு நிகழ்கிறது. தன்னை மீட்ட நீதியும் சீதையைச் சோதித்த நீதியும் ஒருவனுடையவையே என்று அறிந்ததும் அகலிகையின் காலடியில் இருந்த தரை விலகுகிறது. அவ்விடத்தில் ஆசிரியர் கண்ணகியின் சீற்றத்தை உவமையாகக் கொண்டுவருகிறார். இராமாயண உலகுக்குள் சிலப்பதிகாரத் தலைவி நுழைவது காலவழு எனினும், நீதியை நேருக்குநேர் கேட்ட பெண்ணின் நினைவு தமிழ் வாசகருக்கு அங்கு உடனடியாக எழ வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

முதற்கதையில் இத்தகைய இணைநிகழ்வு இல்லை. ஆகவே கௌதமரின் பெருந்தன்மை ஒரு தனிமனிதரின் குணமாக மட்டுமே நிற்கிறது. இரண்டாவது கதையில் சீதை வந்தவுடன், வினா ஒரு குடும்பத்தின் எல்லையைக் கடந்து, தருமத்தை வகுப்போரின் எல்லைக்குச் சென்றுவிடுகிறது. இதற்காக ஆசிரியர் எந்தச் சொற்பொழிவையும் சேர்க்கவில்லை. ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார்.

வாசகரின் முன்னறிவு

‘சாபவிமோசன’த்தின் தலைப்பில் ஆசிரியர் ஒரு குறிப்பை வைத்துள்ளார். இராமாயணப் பழக்கமுள்ளவர்களுக்கு இக்கதை பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம் என்றும், தாம் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் அக்குறிப்பு பொருள்படும். இதை வெறும் அறைகூவலாகக் கொள்வது போதாது. இக்கதை இராமாயணம் அறிந்தவரை எதிர்பார்த்தே எழுதப்பட்டுள்ளது. இந்திரன் யார், கைகேயி கேட்ட வரம் எது, பரதன் ஏன் நெருப்பு மூட்டினான் என்பவற்றை ஆசிரியர் விளக்குவதில்லை. வாசகர் அறிந்தவற்றை அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டு, அறியாதவற்றுக்கு மட்டும் சொற்களைச் செலவிடுகிறார். ‘அகல்யை’ வாசகர் அறிந்ததையே மீண்டும் சொல்லிற்று. ஒன்பதாண்டு இடைவெளியில் ஏற்பட்ட பெரிய வேறுபாடுகளுள் வாசகர்மீது கொண்ட இந்நம்பிக்கையும் ஒன்று.

இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள்

இரு கதைகளுக்கும் இடையே புதுமைப்பித்தன் எழுதியவற்றுள் சிலவற்றை நோக்கினால், மேற்கண்ட மாற்றங்களுக்கான பயிற்சிக்களம் புலப்படும். ‘அகல்யை’ எழுதிய 1934ஆம் ஆண்டிலேயே வெளியான ‘பொன்னகரம்’, கற்பு பற்றி ஓயாது பேசுவோரைக் கதைசொல்லி நேராகக் குத்திக்காட்டுவதுடன் முடிகிறது. அக்குத்தலின் வன்மையை மறுக்க இயலாது. ஆனால் அங்கும் இறுதிச்சொல் ஆசிரியருடையதே. 1935இல் வந்த ‘துன்பக் கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வாழ்வை நீண்ட காலப்பரப்பில் சொல்கிறது. ஆண்டுகள் கடந்து செல்வதைக் கதைக்குள் கையாளும் பழக்கத்தை அதில் காணலாம். 1937இல் வந்த ‘மனித யந்திர’த்தில் ஒரு கடைக் கணக்குப்பிள்ளையின் மனத்துக்குள் எழும் திருட்டு ஆசையும் பின்வாங்கலுமே கதை. வெளியே நிகழ்ந்தது மிகச் சிறிது; உள்ளே நிகழ்ந்தது மிகப் பெரிது. சொல்லுக்கும் எண்ணத்துக்கும் இடையிலான தொலைவை அளக்கும் இந்தத் திறன் இல்லாமல், பேச அஞ்சும் அகலிகையை எழுதியிருக்க முடியாது.

இதே காலத்தில் அவர் பிறமொழிக் கதைகள் பலவற்றைத் தமிழாக்கினார். தழுவலை மறுத்து மொழிபெயர்ப்பை ஆதரித்தவர் அவர். பிறர் கதையை மாற்றாமல் வாக்கியம் வாக்கியமாகத் தம் மொழிக்குக் கொண்டுவரும்போது, அக்கதை எங்கு தொடங்குகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் கைப்பட உணர நேரும். படித்தலைவிட நெருக்கமான பயிற்சி அது. ஒரு கதை மற்றொன்றுக்குக் காரணமாயிற்று என்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. கதைகளைக் கால வரிசையில் வைத்துப் படித்தால், ‘சாபவிமோசன’த்தில் ஒருங்கே காணப்படும் திறன்கள் முன்னரே தனித்தனியாகப் பயிலப்பட்டிருப்பது தெரியும் என்பதே சுட்டப்படுகிறது. 2000இல் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ செம்பதிப்பு கதைகளைக் கால வரிசையில் அமைத்திருப்பதால், இவ்வகைப் படிப்பு இன்று எளிதாகியுள்ளது.

மறுதரப்பு வாதங்கள்

மேற்கண்ட கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இரண்டாவது கதை சிறந்திருப்பதற்குக் காரணம் புனைதிறன் அன்று, முதிர்ந்த சமூகப் பார்வையே என்பது. இதற்கு விடை முன்னரே கூறப்பட்டது. கற்பு பற்றிய கருத்து இரு கதைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. இராமனின் இரட்டை நீதி பற்றிய நுண்பார்வை புதியதுதான். ஆனால் அது சீதையை அகலிகையின் குடிசைக்கு அழைத்துவந்த அமைப்பினின்றும் பிரிக்க முடியாதது. அமைப்பு இல்லையேல் அப்பார்வை கட்டுரையாகியிருக்கும்.

இரண்டாவது, ‘சாபவிமோசனம்’ ‘அகல்யை’யின் திருத்தப்படி அன்று, தனிக்கதை என்பது. இது உண்மை. இந்த உண்மையே இவ்வாய்வுக்கு வலுச் சேர்க்கிறது. திருத்தம் என்பது பெரும்பாலும் வாக்கியங்களைச் செம்மையாக்குதல். கதையின் தொடக்கத்தையும் கேள்வியையும் அது தொடுவதில்லை. ‘அகல்யை’யை எத்தனை முறை செப்பனிட்டாலும் ‘சாபவிமோசனம்’ கிடைத்திராது. பழைய கதையை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு கேள்வியுடன் மீண்டும் புனைந்ததாலேயே அது கிடைத்தது.

மூன்றாவது மறுப்பு வலிமையானது: எல்லா மாற்றமும் ஆதாயமன்று. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘சாபவிமோசன’த்தின் நடுப்பகுதியில், தலயாத்திரை, சனகனுடன் நிகழும் உரையாடல் முதலிய இடங்களில் கதை சுருக்கவுரையாகத் தளர்கிறது. தொடக்க வருணனையின் வடசொற் செறிவு இன்றைய வாசகருக்குச் சற்றுப் பாரமாகவும் இருக்கும். ‘அகல்யை’யில் உள்ள இறுக்கம் இதில் இல்லை. அதைவிட முக்கியமாக, முதற்கதையின் கௌதமர் சினத்தை வென்ற ஆண் என்ற முறையில் தனித்தன்மை உடையவர். தமிழ்ப் புனைகதையில் அத்தகைய கணவர் மிகுதியாக இல்லை. இரண்டாவது கதையின் கோதமனிடம் அறிவு உண்டு, நல்லெண்ணம் உண்டு; அந்த எளிய கனிவு குறைவு. எனினும் இறுதியில் கல்லான மனைவியை விட்டுக் கயிலையை நோக்கித் தனியே செல்லும் துறவியாக அவனைக் காட்டுவதால், தோல்வி அவனுக்கும் உரியதாகிறது. ஆசிரியர் அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் போய்விடவில்லை.

கற்பித்தலுக்கும் மதிப்பீட்டுக்கும் உரிய பயன்

இவ்வொப்பீடு வகுப்பறைக்குச் சில தெளிவுகளை அளிக்கிறது. மாணவர் எழுதும் கதைகள் பெரும்பாலும் ‘அகல்யை’யின் அமைப்பைக் கொண்டிருக்கும்: ஓர் அநீதி நிகழ்கிறது, ஒரு நல்லவர் சரியான கருத்தைச் சொல்கிறார், கதை முடிகிறது. அக்கருத்து சமூக நோக்கில் சரியாக இருப்பதாலேயே கதைக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கிறது. ஆய்வேடுகளும் அதே அளவுகோலைக் கொண்டு, கதையில் உள்ள சமூகச் சிந்தனைகளைத் திரட்டுவதோடு அமைகின்றன. சரியான கருத்தை உடையவராதல் ஒன்று, அக்கருத்தைக் கதையாகச் சோதிக்கத் தெரிதல் மற்றொன்று என்னும் வேறுபாடு இதனால் மறைந்துவிடுகிறது. அவ்வேறுபாட்டை மாணவருக்குக் காட்ட எந்த இலக்கணத்தையும்விட இவ்விரு கதைகள் உதவும்.

பயிற்சி முறையிலும் மாற்றம் வேண்டும். ஒரு பருவத்தில் பத்துத் தலைப்புகளில் பத்துக் கதைகள் எழுதுவிப்பதைக் காட்டிலும், ஒரே பொருளைப் போதிய இடைவெளி விட்டு இருமுறை புனைய வைப்பது பயன் தரக்கூடும். இரண்டாம் முறை எழுதுபவர் சில வினாக்களைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளலாம். முதற்கதையின் கருத்தைத் தாங்கி நின்ற வாக்கியம் எது? அதைக் கதையின் முற்பகுதிக்கே கொண்டுவந்துவிட்டால், பின்னர் என்ன நேரும்? வாசகர் முன்பே அறிந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டு, அதன் மறுநாளிலிருந்து தொடங்க இயலுமா? உவமையாக மட்டும் நின்ற ஒன்று உண்மையாகவே நிகழ்ந்தால் என்ன விளையும்? கதையில் வழங்கப்பட்ட தீர்ப்பு வேறொருவருக்கும் பொருந்த வேண்டிய நிலை வந்தால், அது அப்போதும் நிற்குமா? இவ்வினாக்கள் விதிகளல்ல. எல்லாக் கதைகளுக்கும் இவை பொருந்தும் என்றும் கொள்ளலாகாது. சொன்னதில் நிறைவு கொண்டு நின்றுவிட்ட கதையை மீண்டும் அசைத்துப் பார்ப்பதற்கான கருவிகள் என்ற அளவில் இவை பயன்படும்.

ஆய்வுக்கும் இதில் ஒரு வழி உண்டு. ஒரே பொருளை மீண்டும் மீண்டும் கையாண்ட எழுத்தாளர்கள் தமிழில் பலர். அவர்தம் கதைகளைக் கருப்பொருள் ஒற்றுமைக்காகத் தொகுக்காமல், கால வரிசையில் வைத்து, ஒவ்வொரு முறையும் தொடக்கம், தீர்ப்பின் இடம், சொல்லாமல் விடப்பட்டது ஆகியன எவ்வாறு மாறுகின்றன என்று ஆராய்ந்தால், தமிழ்ப் புனைதிறனின் வரலாறு ஒன்று உருவாகும்.

முடிவுரை

‘அகல்யை’யிலிருந்து ‘சாபவிமோசனம்’ வரையிலான வளர்ச்சி, சொல்வளத்தின் பெருக்கமோ உத்திகளின் எண்ணிக்கையோ அன்று. முதற்கதையின் முடிவாக இருந்த கருத்து இரண்டாவது கதையின் தொடக்க நிலையாகிறது. நிகழ்ச்சிக்கு முன் தொடங்கிய கதை நிகழ்ச்சிக்குப் பின் தொடங்குகிறது. உருவகமாக நின்ற கல் நிகழ்ச்சியாகிறது. தனித்து நின்ற தீர்ப்பு சீதையின் வாயிலாகச் சோதிக்கப்படுகிறது. வாசகர் அறிந்ததை மீளச் சொல்லும் முறை நீங்குகிறது. இம்மாற்றங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. இவற்றின் விளைவாக, முதற்கதையில் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு மௌனமாக நின்ற பெண், இரண்டாவது கதையில் அம்மன்னிப்பு தனக்குப் போதாது என்பதைத் தன் வாழ்வாலும் மறுபடி கல்லான உடலாலும் சொல்கிறாள். 1934இல் கௌதமர் சொன்னது சரியே. அது அகலிகைக்குப் போதுமானதாக இல்லை என்பதைக் கண்டறிய எழுத்தாளருக்கு அதே கதையை இரண்டாம் முறை எழுத வேண்டியிருந்தது.